லேசர் பாயின்டர் கண்ணில் பட்டால்: முதல் நிமிடம் முதல் கடைசிப் பரிசோதனை வரை செய்ய வேண்டியவை

லேசர் பாயின்டரின் ஒளி விழித்திரையைச் சுட்டுவிட்டாலும் கண் வலிப்பதில்லை. விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லாததால் எரிச்சல் தோன்றாது, கண் சிவக்காது, நீர் வடியாது. பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கும் அந்தக் கண்ணில் எந்த மாற்றமும் தெரியாது. வலி இல்லாததைக் காயம் இல்லை என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் பெற்றோர்களும் பெரியவர்களும் செய்யும் முதல் தவறு. கண்ணில் லேசர் பட்ட பதற்றத்தோடு இதைப் படிக்கிறவர்களுக்கு உதவ வேண்டும் என்பதால், காரணங்களைப் பின்னால் தள்ளி, உடனே செய்ய வேண்டியவற்றை முதலில் வைத்திருக்கிறேன்.

அதற்கு முன் ஓர் ஆறுதலையும் சொல்லிவிட வேண்டும். 1 மில்லிவாட் சக்திக்கு உட்பட்ட, தரமான பாயின்டரின் ஒளி ஒரு கணம் கண்ணைக் கடந்து போனால் நிலையான பாதிப்பு ஏற்படுவதில்லை. கண் கூசும், சற்று நேரம் ஒரு நிழல் மிதக்கும், பிறகு சரியாகிவிடும். கவலைப்பட வேண்டியது சக்தி மிகுந்த கருவிகளைப் பற்றியும், வேண்டுமென்றே உற்றுப் பார்த்த கண்களைப் பற்றியும்தான்.

படி 1: முதல் பதினைந்து நிமிடம்

உடனே முகத்தைத் திருப்பிக் கொள்ளுங்கள், அல்லது பிள்ளையைத் திருப்புங்கள். கண்ணைக் கசக்க வேண்டாம். லேசர் பட்ட பிறகு உறுத்தலோடு வருகிறவர்களில் பலருக்கு அந்த உறுத்தல் லேசரால் வந்ததாக இருப்பதில்லை. பயத்தில் அழுத்திக் கசக்கியதால் கருவிழியின் மேற்பரப்பில் விழுந்த கீறலாகவே இருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவுவதால் பயனில்லை, ஏனென்றால் கண்ணுக்குள் கழுவி எடுக்க எதுவும் விழவில்லை. வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை ஊற்றுவதும் வேண்டாம்.

உட்கார்ந்து, சாதாரண வெளிச்சத்தில், பதினைந்து நிமிடம் காத்திருங்கள். கேமரா பிளாஷ் அடித்ததும் கண் முன் ஒரு திட்டு மிதப்பதைப் போல, பலவீனமான லேசரும் ஒரு பின்பிம்பத்தை விட்டுச் செல்லும். அது நொடிகளில் அல்லது சில நிமிடங்களில் வெளிறி மறையும். பார்வை முழுமையாகத் திரும்பும்வரை வண்டி ஓட்டவோ, ஏணியில் ஏறவோ, இயந்திரத்தில் வேலை செய்யவோ கூடாது.

இதற்கிடையில் அந்தப் பாயின்டரைக் கைப்பற்றி, அணைத்து, பாட்டரியைக் கழற்றி, தனியே எடுத்து வையுங்கள். கோபத்தில் அதை உடைத்து எறிந்துவிட வேண்டாம், மருத்துவருக்கு அது தேவைப்படும். "உண்மையிலேயே அவ்வளவு வெளிச்சமா" என்று பார்ப்பதற்காக யாரும் அதை மறுபடி கண்ணை நோக்கிப் பிடிக்கவும் கூடாது.

படி 2: ஒவ்வொரு கண்ணாகப் பரிசோதியுங்கள்

இரண்டு கண்களும் திறந்திருக்கும்போது, ஒரு கண்ணின் குறையை மறு கண் நிரப்பிவிடும். ஒரு கண்ணின் மையப் பார்வை போன பிள்ளைகூட வழக்கம்போல ஓடி விளையாடும். ஆகவே பரிசோதனை எப்போதும் ஒரு கண்ணை மூடியே நடக்க வேண்டும். மூடும்போது விரல்களை விரித்தோ கண்ணை அழுத்தியோ மூடாமல், உள்ளங்கையைக் குழித்து மூடுங்கள். கண்ணாடி அணிகிறவர் அணிந்துகொண்டே பார்க்கட்டும்.

முதலில், அச்சிட்ட பக்கம் ஒன்றை வழக்கமாகப் படிக்கும் தூரத்தில் பிடித்து, சிறிய எழுத்துகளைப் படிக்கச் செய்யுங்கள். ஒரு சொல்லை உற்று நோக்கும்போது அதன் நடு எழுத்து மட்டும் காணாமல் போகிறதா, பார்வையைச் சற்று விலக்கினால் அது தெரிகிறதா என்று கேளுங்கள். அடுத்து, கதவுச் சட்டம், சன்னல் கம்பி, தரை ஓடுகளின் கோடு ஆகியவற்றில் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நேர்கோடு ஓரிடத்தில் நெளிந்தோ உடைந்தோ தெரிந்தால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி.

இதையே இன்னும் துல்லியமாகக் காட்டுவது ஆம்ஸ்லர் கட்டம். 10 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்தை 5 மி.மீ. சிறு கட்டங்களாகப் பிரித்து, நடுவில் ஒரு கரும்புள்ளி வைத்தால் கட்டம் தயார். கணக்கு நோட்டின் கட்டம் போட்ட தாளில் ஸ்கேல் வைத்துக் கோடுகளை எடுப்பாக வரைந்துகூடச் செய்துகொள்ளலாம். அதைக் கண்ணிலிருந்து சுமார் 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியிலேயே பார்வையை நிறுத்த வேண்டும். புள்ளியை விட்டுக் கண் அலையாமல் இருப்பதுதான் இதில் கடினம், குழந்தைகளுக்கு இரண்டு மூன்று முறை பழக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். நான்கு மூலைகளும் தெரிகின்றனவா, ஏதாவது கட்டம் கறுத்தோ மங்கியோ வெறுமையாகவோ இருக்கிறதா, கோடுகள் வளைகின்றனவா என்று கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தைப் பென்சிலால் குறித்து, எந்தக் கண், எந்தத் தேதி, எந்த நேரம் என்று அதே தாளில் எழுதி வையுங்கள். பின்னால் மருத்துவர் எடுக்கும் படத்தில் காயம் இருக்கும் இடமும் இந்தப் பென்சில் குறியும் பொருந்துகின்றனவா என்பது நோயறிதலுக்கு மிக முக்கியம்.

படி 3: யார் மருத்துவரிடம் போக வேண்டும், எவ்வளவு சீக்கிரம்

பதினைந்து நிமிடம் கழித்தும் நடுவில் புள்ளியோ மங்கலோ நெளிவோ நீடித்தால் அன்றே, தாமதமானால் மறுநாளுக்குள், கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முடிந்தால் விழித்திரை நிபுணர் இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். பார்வை திடீரென்று சிவப்பாகவோ கறுப்பாகவோ திரையிட்டதுபோல் மறைந்தால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கக்கூடும், காத்திருக்கவே கூடாது.

அறிகுறி எதுவும் சொல்லாவிட்டாலும் பரிசோதிக்க வேண்டியவர்கள் உண்டு. ஒளியை உற்றுப் பார்த்த குழந்தை, கண்ணாடியில் லேசரைப் பாய்ச்சி விளையாடிய குழந்தை, தீக்குச்சியைப் பற்றவைக்கும் அல்லது பலூனை வெடிக்கவைக்கும் அளவுக்குச் சக்தி வாய்ந்த கருவியின் ஒளி பட்டவர் ஆகியோரை அழைத்துச் செல்லுங்கள். சிறு குழந்தைகளுக்குத் தங்கள் பார்வையில் குறை இருப்பதே தெரியாது. அவர்கள் "நல்லாத்தான் தெரியுது" என்று சொல்வதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

படி 4: நடந்ததை நடந்தபடி சொல்லுதல்

இந்த வழிகாட்டியில் எதையாவது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இந்தப் படியைத்தான் சொல்வேன். சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 2010-இல் பதிவு செய்த ஒரு நிகழ்வில், 15 வயதுச் சிறுவன் இணையத்தில் வாங்கிய 150 மில்லிவாட் பச்சை லேசரைக் கொண்டு கண்ணாடி முன் ஒளிக்காட்சி நடத்தியபோது, ஒளி பலமுறை அவன் கண்களுக்குள்ளேயே திரும்பி அடித்திருக்கிறது. பெற்றோருக்குப் பயந்து இரண்டு வாரம் மறைத்தான். மருத்துவரிடம் வந்தபோது இடது கண்ணால் மூன்றடி தூரத்தில் விரல்களை எண்ணுவதுதான் அவனால் முடிந்தது. சில மாதங்களில் பார்வை பெருமளவு தேறியது என்பது நல்ல செய்தி. ஆனால் அந்த இரண்டு வார மௌனத்தை நினைத்தால் மனம் கலங்குகிறது.

பிள்ளைகள் மறைத்தால் இன்னொரு விபரீதமும் நேரும். கூர்மையான மையப் பார்வையைத் தரும் விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் மஞ்சள் நிறத் திட்டைப் பார்க்கும் மருத்துவர், லேசர் பற்றி யாரும் சொல்லாதபோது, இளவயதில் வரும் பரம்பரை மாக்குலா நோய்களில் ஒன்றாக அதை எண்ணக்கூடும். அதன் பிறகு மரபணுப் பரிசோதனை, "நாளாக நாளாக மோசமாகும்" என்ற தவறான அச்சம் என்று குடும்பமே அலைக்கழியும். எனவே திட்டாமல், தண்டனை இல்லை என்று முதலிலேயே உறுதி கொடுத்து, தனியே உட்கார வைத்துக் கேளுங்கள். ஒளி என்ன நிறம், எவ்வளவு தூரத்திலிருந்து பட்டது, ஒருமுறையா பலமுறையா, தானே பாய்ச்சிக்கொண்டதா வேறொருவர் பாய்ச்சினாரா, கண்ணாடியில் பட்டுத் திரும்பியதா, எத்தனை நொடி பார்த்தான், எந்தக் கண் என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பாயின்டரையும் அதன் பெட்டியையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். திரும்பத் திரும்பப் பாய்ச்சிக்கொண்ட அடையாளங்கள் விழித்திரையில் தெரிந்தால், அதை ஒழுக்கக் கேடாகப் பார்க்காமல், அந்தப் பிள்ளையின் மனநிலையையும் அக்கறையோடு விசாரிக்க வேண்டும்.

படி 5: பரிசோதனை அறையில் நடப்பவை

எழுத்துப் பலகையில் ஒவ்வொரு கண்ணின் பார்வையையும் அளந்த பிறகு, கண் பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு விழித்திரையைப் பார்ப்பார்கள். அந்தச் சொட்டின் விளைவு சில மணி நேரம் நீடிக்கும் என்பதால் துணைக்கு ஒருவர் போவது நல்லது. புதிய காயம் மாக்குலாவின் நடுவில், குண்டூசித் தலையை விடவும் சிறிய மஞ்சள் அல்லது வெண்சாம்பல் புள்ளியாகத் தெரியும். சக்தி மிகுந்த லேசரானால் இரத்தக் கசிவோ துளையோ இருக்கலாம்.

அதற்கடுத்து ஓசிடி ஸ்கேன். தொடாமல், வலிக்காமல், சில நொடிகளில் விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல் படம் எடுத்துத் தரும் கருவி இது. நலமான விழித்திரையின் படத்தில் வெளியடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அறுபடாத கோடுகளாக ஓடும்; நடுவில் மட்டும் ஒரு மெல்லிய பள்ளம் இருக்கும். லேசர் சுட்ட கண்ணில், சரியாக அந்தப் பள்ளத்தின் அடியில், ஒளி உணரும் செல்களின் கோடு ஒரு சிறு இடைவெளி விட்டு அறுந்திருக்கும். கண்ணுக்குப் புலப்படாத காயத்தைக்கூட இந்தப் படம் காட்டிவிடும். முதல் நாள் எடுத்த படத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள். தேறுகிறதா என்பதை அதனோடு ஒப்பிட்டே சொல்ல முடியும். தேவையைப் பொறுத்து, விழித்திரையின் தன்னொளிர்வுப் படமும், சாயம் ஏற்றி எடுக்கும் இரத்தக்குழாய்ப் படமும் எடுக்கப்படலாம்.

விழித்திரையில் எந்த மாற்றமும் இல்லை, ஓசிடி படமும் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் வலி, சிவப்பு, தலைவலி மட்டும் தொடர்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கிறது. அப்போது லேசரையே நினைத்து அஞ்சிக்கொண்டிராமல், அந்த உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

படி 6: சிகிச்சையும் எதிர்பார்ப்பும்

வெந்துபோன விழித்திரைச் செல்களை மீட்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. சில மருத்துவர்கள் தொடக்க நாள்களில் வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு தருவதுண்டு. அதன் பலன் உறுதிப்படவில்லை, பக்கவிளைவுகள் உண்டு, ஆகவே அதைத் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. சிறு காயங்கள் வாரங்களிலும் மாதங்களிலும் தாமாகவே ஓரளவோ முழுமையாகவோ தேறுகின்றன, படத்தில் அறுந்த கோடு மெல்ல மூடுவதையும் பார்க்கலாம். மையத்திலேயே ஆழமாகச் சுட்டிருந்தால் ஒரு புள்ளி நிரந்தரமாக நின்றுவிடக்கூடும்.

சிகிச்சை உண்மையிலேயே உதவுவது பின்விளைவுகளுக்குத்தான். மாக்குலாவில் துளை விழுந்தால், சில தாமே மூடும், மற்றவற்றை அறுவை சிகிச்சையால் மூட முயல்வார்கள். காயம் ஆறிய இடத்தில் வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்திரைக்கு அடியிலிருந்து புதிய இரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியலாம், அதைக் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தால் கட்டுப்படுத்த முடியும், ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்தால்தான். ஆகவே பார்வை தேறிவிட்டது என்று மறுபரிசோதனைகளைக் கைவிடாதீர்கள். மருத்துவர் சொன்ன தேதிகளில் போவதோடு, வீட்டில் வாரம் ஒருமுறை ஆம்ஸ்லர் கட்டத்தைப் பார்த்துப் பழைய தாளோடு ஒப்பிடுங்கள். புதிதாக நெளிவு தெரிந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

எல்லாக் கண்களும் தேறுவதில்லை. கிரீஸ் நாட்டு மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட ஒரு பதிவில், பச்சை லேசரைப் பலமுறை உற்றுப் பார்த்த 9 வயதுச் சிறுவனின் இடது கண்ணில் பெரிய மாக்குலாத் துளை விழுந்திருந்தது. அந்தக் கண்ணின் பார்வை 20/100. அதாவது, நல்ல பார்வை உள்ளவர் 100 அடியிலிருந்து படிக்கும் எழுத்தை அவன் 20 அடிக்கு வந்தால்தான் படிக்க முடியும். ஒன்றரை ஆண்டு கழித்தும் அதில் மாற்றம் இல்லை.

இவ்வளவு சிறிய ஒளி எப்படிச் சுடுகிறது

சாதாரண விளக்கின் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுவதால், அதில் சிறு பகுதியே கண்ணுக்குள் வருகிறது. வருவதும் விழித்திரையில் ஒரு பரப்பாக விரிகிறது. லேசர் கற்றை இணையாக வருகிறது. இணையாக வரும் ஒளியை ஒரே புள்ளியில் குவிப்பதற்கென்றே அமைந்தவை நம் கருவிழியும் விழியாடியும். இருட்டில் 7 மி.மீ. அளவுக்கு விரிந்திருக்கும் கண் பாவை வழியே நுழையும் கற்றை, விழித்திரையில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அகலமுள்ள புள்ளியாகக் குவிகிறது. பரப்பைக் கணக்கிட்டால் ஒளியின் செறிவு ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் கூடுகிறது. விழித்திரைக்குப் பின்னாலுள்ள நிறமிப் படலம் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. வெப்பம் ஏறியதும் புரதங்கள் முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது இறுகுவதைப் போல இறுகிவிடுகின்றன.

லேசர் கருவிகளை ஆபத்தின் அளவைப் பொறுத்து வகுப்புகளாகப் பிரிக்கும் வகைப்பாட்டின் எண்களும் இதிலிருந்துதான் வருகின்றன. கடும் ஒளி பட்டதும் மனிதர் கால் நொடிக்குள் இமைக்கவோ திரும்பவோ செய்வார் என்று வைத்து, அந்தக் கால் நொடிக்குத் தாங்கும் அளவாக 1 மில்லிவாட்டை இரண்டாம் வகுப்பின் எல்லையாக வைத்தார்கள். 5 மில்லிவாட் வரை 3ஆர், 500 மில்லிவாட் வரை 3பி, அதற்கு மேல் நான்காம் வகுப்பு. கவனியுங்கள், இந்தக் கணக்கு இமைப்பதை நம்பியிருக்கிறது. யார் அதிக நேரம் உற்றுப் பார்க்க முடியும் என்று பந்தயம் கட்டும் பிள்ளைகளிடம் அந்தப் பாதுகாப்பு இல்லை. சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைச் சிகிச்சைக்கு மருத்துவர் வைத்திருக்கும் பச்சை லேசரும், பச்சைப் பாயின்டரைப் போலவே, 532 நானோமீட்டர் அலைநீளம் கொண்டதுதான். அவர் சில நூறு மில்லிவாட் அளவில், நொடியின் சிறு பின்னத்துக்கு, மையத்தைத் தவிர்த்து, அளந்து சுடுகிறார். ஏறத்தாழ அதே சக்தியுள்ள கருவியைப் பொம்மையாக விற்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

தூரம் காப்பாற்றும் என்று வீட்டுக்குள் நம்பாதீர்கள். சாதாரணப் பாயின்டரின் கற்றை மீட்டருக்குச் சுமார் 1 மி.மீ. மட்டுமே விரிகிறது. அறையின் மறுமூலையில், ஐந்து மீட்டருக்கு அப்பால் இருப்பவரின் விரிந்த பாவைக்குள் அது ஏறக்குறைய முழுவதுமாக நுழைந்துவிடும். நூறு மீட்டருக்கு அப்பால் அது 10 செ.மீ. அகலமாகிவிடுவதால் கண்ணுக்குள் செல்வது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே சுடும் ஆபத்து குறைந்து, வாகனம் ஓட்டுபவரின் கண்ணைக் கூசவைக்கும் ஆபத்து நிற்கிறது.

படி 7: கையிலிருக்கும் பாயின்டரை மதிப்பிடுதல்

ஒட்டியிருக்கும் சீட்டை நம்பி முடிவு செய்ய வேண்டாம். அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 122 பாயின்டர்களை அளந்து 2013-இல் வெளியிட்ட முடிவில், பச்சைக் கருவிகளில் ஏறத்தாழ 90 சதவீதமும் சிவப்புக் கருவிகளில் 44 சதவீதமும் விதிகளுக்கு உட்படவில்லை. அங்கே பாயின்டர்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 5 மில்லிவாட்.

கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தை வைத்தும் சக்தியைச் சொல்ல முடியாது. ஒரே சக்தியில் பச்சை சிவப்பைவிடப் பல மடங்கு பளிச்சென்று தெரியும், 405 நானோமீட்டர் ஊதாவோ மிக மங்கலாகத் தெரியும். ஊதா மங்கலாகத் தெரிவதால் கண் இமைக்கத் தாமதிக்கும். ஆபத்து அதனாலேயே கூடும். பச்சையில் வேறொரு சூது ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான பச்சைப் பாயின்டர்களுக்குள் 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு ஒரு படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டர் ஒளியை உண்டாக்க, இன்னொரு படிகம் அதன் அலைநீளத்தைப் பாதியாக்கி 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றுகிறது. எஞ்சிய அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியை மலிவுக் கருவிகளில் விட்டுவிடுகிறார்கள். அதே நிறுவனம் 2010-இல் ஆராய்ந்த ஒரு மங்கலான பச்சைப் பாயின்டரிலிருந்து ஏறக்குறைய 20 மில்லிவாட் அகச்சிவப்பு வெளியேறிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு எந்தக் கண்ணும் இமைப்பதில்லை. ஆகவே "பழசாகி மங்கிவிட்டது, இனிக் குழந்தை விளையாடலாம்" என்று பச்சைப் பாயின்டரைக் கொடுப்பது மிகப் பெரிய தவறு.

எரிக்கும், வெடிக்கவைக்கும், பல கிலோமீட்டர் பாயும் என்று விளம்பரம் செய்யப்பட்டது, குவியத்தைத் திருகி மாற்றக்கூடியது, பெரிய ரீசார்ஜ் லித்தியம் பாட்டரி போட்டது, வகுப்பும் அலைநீளமும் எழுதப்படாதது ஆகியவற்றை 3பி அல்லது அதற்கு மேற்பட்டதாகவே கருதி ஒதுக்குங்கள். கூலிங் கிளாஸ் லேசரைத் தடுக்காது.

படி 8: தொடர்ந்து பயன்படுத்துகிறவர்களுக்கு

வகுப்பறைக்கும் கூட்ட அரங்குக்கும் 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட, நம்பகமான தயாரிப்பாளரின் சிவப்புப் பாயின்டர் போதும். திரையில் காட்டும் நேரம் மட்டும் பொத்தானை அழுத்தி, கூட்டத்தின் பக்கம் திரும்பும்முன் விட்டுவிடுங்கள். கண்ணாடி, எவர்சில்வர், பளபளக்கும் ஓடு இருக்கும் பக்கம் பாய்ச்ச வேண்டாம். வேலை முடிந்ததும் பாட்டரியைக் கழற்றிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வேண்டாத கருவியை யாருக்கும் பரிசாகவோ பொம்மையாகவோ கொடுக்காமல், மருத்துவர் அதைப் பார்த்து முடித்த பிறகு, பொத்தான் இனி வேலை செய்யாதபடி செய்து, மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.